கட்டிலில் யாருடைய சௌகரியம்?

கல்யாணத்திற்கு நாள் பார்க்கின்றார்கள். சாந்தி முகூர்த்தத்திற்கு நாழிகைகூடப் பார்க்கின்றார்கள். ஆனால் அன்றிரவு அறைக்குள் அனுப்பப்படும் பெண்ணுக்கு வலித்தால் என்ன செய்வதென்று சொல்லுவாரில்லை. அதைப் பேசுவது மாத்திரம் ஆபாசமாம்! (கோபுரத்துப் பொம்மைகளைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லவில்லை.)

ஆண் மேலும் பெண் கீழும் இருப்பதே முறையென்று விதித்தவன் யார் என்று கேட்கின்றோம். முதுகுவலிக்காரர் ஒருக்களித்துக் கூடுவதே நல்லதென்று வைத்தியர்களே வெகுகாலம் சொல்லி வந்தார்கள். 2014ல் கனடா தேசத்து வாட்டர்லூ சர்வகலாசாலையார் 10 தம்பதிகளின் முதுகெலும்பு அசைவை அளந்து, அது எல்லா முதுகுவலிக்கும் பொருந்தாதென்றும், குனிந்தால் வலிக்கும் ஆணுக்கு மண்டியிட்டுக் கூடுவதே மேலென்றும் கண்டார்கள். வைத்தியர் வாக்கே சோதனைக்கு உட்பட்டதென்றால், சாஸ்திரத்தின் வாக்கு எம்மாத்திரம்?

கர்ப்பம் முற்றியவள் வெகுநேரம் மல்லாந்து கிடந்தால் கருப்பை பெரிய இரத்தக் குழாயை அழுத்தி மயக்கம் வரக்கூடும். டாக்டர் தடுக்காதவரையில், ஒருக்களித்தோ, அவளே மேலிருந்தோ கூடுவது சுலபம். மாதவிடாய் நின்றவளுக்கு வறட்சியால் எரிச்சலுண்டாகும். அதற்கென்று வழவழப்பான களிம்பு மருந்துக்கடையில் விற்கின்றது. ஆணுறை போடுகின்றவர் தேங்காயெண்ணெய் தடவினால் ரப்பர் நைந்து கிழியும்.

இவ்வளவும் தெரிந்த புருஷன்கூட மனைவியிடம் “வலிக்கிறதா?” என்று வாய்திறந்து கேட்பதில்லை. ஐந்தாறு பிள்ளை பெற்றும் ஒருநாளும் சுகமறியாத பெண்கள் எத்தனையோ பேர்! அவள் வேண்டாமென்றால் நிறுத்திவிட வேண்டியதுதான். வலி நீடித்தால், “பொறுத்துக்கொள்” என்னும் மாமியார் பேச்சைத் தள்ளிவிட்டு, டாக்டரிடம் இருவருமாகப் போகட்டும்.