வாலிக்கும் இம்யூனாலஜிக்கும் என்ன சம்பந்தம்?

ரஷ்யாவோ, பிலிப்பைன்ஸோ, கிர்கிஸ்தானோ... அங்கே மருத்துவம் முடித்து வந்தவர் இந்தியாவில் ஸ்டெதஸ்கோப் மாட்ட வேண்டுமானால் எஃப்.எம்.ஜி.இ. என்ற தேர்வைத் தாண்டியாக வேண்டும். 2002-ல் ஆரம்பித்தது. ஒரே நாளில் 300 கேள்விகள், 150 எடுத்தால் பாஸ், தப்புக்கு மார்க் கழிப்பதும் கிடையாது. கேட்பதற்கு அல்வா மாதிரிதான் இருக்கிறது. ஆனால் சமீப வருடங்களில் எழுதுகிறவர்களில் மூன்றில் ஒருவர்கூடத் தேறுவதில்லை!

பெரம்பலூர் பக்கத்து வாலிகண்டபுரம் மாதிரி ஓர் ஊரில், கடன் வாங்கி அனுப்பிய அப்பா கீழே உட்கார்ந்திருக்க, மாடியில் இரண்டாவது முறையாக இதற்குப் படிக்கும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். இம்யூனாலஜி என்று வந்தால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? மைக்ரோபயாலஜிக்கு நடுவில் வரும் அந்தச் சின்னப் பகுதியை ஓர் அட்டவணையாக்கிச் சுவரில் ஒட்டும். நஞ்சுக்கொடியைத் தாண்டுவது ஐஜி-ஜி, தாய்ப்பாலில் ஐஜி-ஏ, முதலில் வருவது ஐஜி-எம், அலர்ஜிக்கு ஐஜி-ஈ. ஒவ்வாமை நாலு வகை, ஞாபகத்துக்கு 'ஆசிட்' என்று ஒரு சூத்திரம். முடிந்தது இம்யூனாலஜி. கோச்சிங் சென்டர்கள் சொல்லிக்கொடுப்பதும் கிட்டத்தட்ட இதேதான்.

இது படிப்பே இல்லை. பெரிய லட்சியமெல்லாம் அப்புறம், மார்க்குக்கேகூட இது உதவாது. அட்டவணை பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி கலைந்துபோகும். 'ஏன்' என்பது மட்டும்தான் தங்கும்.

இந்த ஊர்க்காரர்களுக்கு அந்த 'ஏன்' வீட்டு வாசலிலேயே இருக்கிறது. வாலி சிவனை வழிபட்ட ஊர் என்பதுதானே வாலிகண்டபுரத்தின் கதை? வாலிக்கு ஒரு வரம். நேருக்கு நேர் மோதுகிற எதிரியின் பலத்தில் பாதி அவனுக்கு வந்துவிடும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் ஏறக்குறைய அந்த ரகம்தான். எதிரியைப் பார்த்த பிறகுதான் அதற்குப் பலமே கூடுகிறது, அதன் ஞாபகமும் தங்குகிறது. சரி, அப்படிப்பட்ட வாலி எப்படி வீழ்ந்தான்? மறைந்திருந்து விட்ட அம்பில்! காசநோய்க் கிருமியின் வேலையும் இதே. தன்னை விழுங்க வந்த மேக்ரோஃபேஜுக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது. வெளியே சுற்றும் ஆன்டிபாடி எவ்வளவு இருந்தும் உள்ளே எட்டாது. மேக்ரோஃபேஜை உசுப்பிவிட டி-செல் வந்தாக வேண்டும். (ராமரைக் கிருமியோடு ஒப்பிட்டதாக யாரும் சண்டைக்கு வரவேண்டாம். ஒப்பீடு மறைவிடத்தோடு சரி :-))

இதைப் புரிந்துகொண்டால் அடுத்த கதை சுலபம். பி.சி.ஜி. தடுப்பூசி என்பது மாட்டுக் காசநோய்க் கிருமியை 1908-லிருந்து 13 வருடம் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் இறக்கிய சரக்கு. இது எவ்வளவு தூரம் காப்பாற்றுகிறது என்று பார்க்க உலகத்திலேயே பெரிய சோதனை நடந்தது அமெரிக்காவில் அல்ல, நம் தமிழ்நாட்டில். அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களில், 1968-ல் தொடங்கி இரண்டரை லட்சம் பேருக்கு மேல் ஊசி போட்டு, 15 வருடம் பின்தொடர்ந்தார்கள். ஊசி போட்ட சில மாதங்களில் டியூபர்குலின் சோதனையில் கை நன்றாகவே தடித்தது. ஆனால் பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை. மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் இதே இனக் கிருமிகளை அந்த மக்களின் உடம்பு ஏற்கெனவே பார்த்துப் பழகியிருந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்பார்கள்.

அதாவது கை தடிப்பது வேறு, பாதுகாப்பு வேறு. 'நாலாவது வகை, தாமத ஒவ்வாமை, உதாரணம் டியூபர்குலின்' என்று சுவரில் ஒட்டிய வரிக்குள் இத்தனை பெரிய விஷயம் ஒளிந்திருக்கிறது. பச்சைக் குழந்தைக்கு மட்டும் இன்னும் ஏன் பி.சி.ஜி. போடுகிறோம்? மூளைக்காய்ச்சலாகவும் உடம்பு முழுக்கவும் பரவும் காசநோயிலிருந்து அது குழந்தைகளைக் காப்பாற்றுகிறது, அதனால்தான்.

இதைப் படிக்காமல் பாஸாகிறவர் என்ன செய்வார் பாருங்கள். எலும்பும் தோலுமாக, மாசக்கணக்கில் இருமலோடு ஒரு குழந்தை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறது. மாண்டூ போட்டால் கை தடிக்கவே இல்லை. "நெகட்டிவ், காசநோய் இல்லம்மா" என்று அனுப்பிவிடுவார். சத்துக்குறைவில் டி-செல்லே சோர்ந்துபோயிருந்தால் எப்படித் தடிக்கும்? ஹெச்.ஐ.வி. இருந்தாலும், காசநோய் முற்றியிருந்தாலும் இதே கதைதான். தடிக்காததை வைத்து நோய் இல்லை என்று சொல்லவே முடியாது. தேர்வுத்தாளில் இது ஒரு மார்க். அந்த அம்மாவுக்கு?

நாய்க்கடிக்கும் இதே பாடம்தான். தடுப்பூசி போட்டாலும் உடம்பு சொந்தமாக ஆன்டிபாடி செய்ய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். கடி ஆழமென்றால் அந்த இடைவெளியை நிரப்ப ரெடிமேட் ஆன்டிபாடி வேண்டும். அதனால்தான் முதல் நாளே காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின். இந்த ஒரு காட்சியைப் புரிந்துகொண்டால் ஆக்டிவ், பாஸிவ் இரண்டையும் மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை.

அட்டவணையைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. அது கடைசி வாரத்துக்கு. அதற்கு முன்னால் ஒரு நாலு நாள், தேசியத் தடுப்பூசி அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஊசிக்கும் 'இது ஏன் இந்த வயதில்?' என்று கேட்டுப் பார்க்கலாம். தட்டம்மை ஊசி ஏன் பிறந்தவுடன் இல்லாமல் ஒன்பதாம் மாதம் என்று கேட்டால், அம்மாவிடமிருந்து வந்த ஐஜி-ஜி தானாகவே ஞாபகத்துக்கு வந்துவிடும்.