பனியன் ஆலையும் மின்தேக்கியும்

பௌதிக சாஸ்திரத்தைப் பாடமாக எடுத்துக்கொண்ட மாணாக்கர் ஒவ்வொருவரும் நமது சோதனைச்சாலையில் ஒரு பிற்பகலையேனும் மின்தடை, மின்தூண்டி, மின்தேக்கி ஆகிய மூன்றையும் தொடராக இணைத்து, அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாக உயர்த்தி, மின்னோட்டம் ஏறி இறங்குவதைக் குறித்துக்கொள்வதிற் கழித்திருப்பர். 50 மில்லிஹென்றிச் சுருளும் 20 மைக்ரோஃபாரட் மின்தேக்கியுமாயின், ஏறக்குறைய 159 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு நிகழும். வளைகோடு வரைந்து, ஆசிரியரிடம் கையொப்பம் பெற்று, ஏட்டை மூடிவிடுகிறோம். அதன்பின் அம்மூன்றும் பரீட்சை நாளில்தான் நினைவுக்கு வருகின்றன. இது வருந்தத்தக்கது என்பதே நமது கட்சி. ஏனெனில், நம்மிற் பலருடைய வீட்டார் உழைக்கும் திருப்பூர்ப் பனியன் ஆலைகளில் அம்மூன்றும் இரவுபகல் ஓய்வின்றி வேலை செய்கின்றன; அவற்றின் கணக்கை அறிந்தாரோ அங்கே மிகச் சிலர்.

குமரன் கொடியேந்தித் திருப்பூர் வீதியில் அடிபட்டு உயிர்நீத்த 1932-ஆம் ஆண்டிலேயே நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையமும் வேலை தொடங்கிற்று. மலைநீரிற் பிறந்த மின்சாரம் கோயம்புத்தூர்ச் சீமைக்கு இறங்கி வந்தது, பஞ்சாலைகள் பெருகின. 1920-களில் சிறு அளவில் தொடங்கிய திருப்பூர்ப் பின்னல் தொழில் இன்று உலகச் சந்தைக்கு ஆடை அனுப்புகின்றது. அப்பஞ்சாலைகளையும் இப்பின்னல் ஆலைகளையும் இயக்கி வந்தவை பெரும்பாலும் தூண்டல் மோட்டார்களே.

தூண்டல் மோட்டாரின் இயல்பு யாதெனின், அது தன்னுள் காந்தப் புலத்தை உண்டாக்கிக்கொள்ள ஒரு பங்கு மின்னோட்டத்தைக் கேட்கும். அப்பங்கு உழைப்பதில்லை, கம்பியிற் போவதும் வருவதுமாக இருக்கும். தார் தீர்ந்த நாடா தறியில் இங்குமங்கும் ஓடுவதை நினைத்துக்கொள்ளுங்கள்: ஓட்டம் உண்டு, துணி வளராது. பழைய தையல் யந்திரங்களிற் பூட்டிய கிளச்சு மோட்டாரைக் கண்டவர்க்கு இது நன்கு விளங்கும். டெய்லர் துணியை மடித்து ஒழுங்குசெய்யும் நேரத்திலும் அது ரீங்காரமிட்டுச் சுழன்றுகொண்டேயிருக்கும். சுமை குறைந்தாலும் காந்தப் புலத்துக்கான ஓட்டம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஆதலின் திறன் காரணி தாழும்.

100 கிலோவாட் வேலை நடக்கும் ஆலையொன்றில் திறன் காரணி 0.70 என்று கொள்வோம். 415 வோல்ட் மும்முனை இணைப்பில் ஓடும் மின்னோட்டம் சுமார் 199 ஆம்பியர். தகுந்த மின்தேக்கிகளை, அதாவது 69 கே.வி.ஏ.ஆர். அளவில், மோட்டார்களுக்குப் பக்க இணைப்பாகப் பூட்டித் திறன் காரணியை 0.95-க்கு உயர்த்தினால், மின்தேக்கிகளுக்கு முன்னுள்ள கம்பிகளில் மின்னோட்டம் 146 ஆம்பியராகக் குறையும். அக்கம்பிகளில் வீணாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால் ஏறத்தாழப் பாதியாகிவிடும். வேலையோ அதே 100 கிலோவாட்! 1893-இல் சிகாகோவிற் கூடிய மின்சார மாநாட்டில் ஸ்டைன்மெட்ஸ் என்பார் இத்தகைய கணக்குகளைக் கலப்பெண்களால் எளிதாக்கும் வழியை விளக்கினார். வகுப்பில் 'ஜே' என்னும் எழுத்தைக் கண்டு அஞ்சும் தம்பிமார்க்கு ஒரு சொல்: அவ்வெழுத்துத்தான் மின்கட்டணச் சீட்டில் ரூபாயாக வந்து நிற்கின்றது. நமது மாகாணத்தில் உயர் அழுத்த இணைப்புள்ளோர் சராசரித் திறன் காரணியை 0.90-க்குக் குறையாமற் காத்தல் வேண்டும். தவறினால் இழப்பீட்டுக் கட்டணம் செலுத்தவேண்டும்.

இதுவரை சொன்னது ஆலைக்காரர் பலரும் அனுபவத்தால் அறிந்ததே. இனிச் சொல்வதுதான் நம்மை எழுதத் தூண்டியது. அபராதத்துக்கு அஞ்சி, மின்தேக்கியைத் திருஷ்டிப் பூசணிபோல் வாங்கி மாட்டும் வழக்கம் இப்பகுதியில் வேரூன்றிவிட்டது. நாம் கண்ட ஓர் ஆலையில் (பெயர் வேண்டா) மின்தேக்கிகள் வயிறு புடைத்து வீங்கின, பியூஸுகள் எரிந்தன. புதியன வாங்கி வைத்தனர். சில மாதங்களில் அவையும் வீங்கின. மட்டச் சரக்கு என்று விற்றவர்மீது பழி விழுந்தது. சரக்கைப் பழிக்குமுன் ஒரு கேள்வி கேட்டிருக்கவேண்டும்: ஆலையில் புதிதாக வந்தது என்ன?

வந்தவை, வேகத்தை வேண்டியபடி மாற்றும் 'டிரைவ்' கருவிகள். பின்னல் யந்திரத்திலும், காற்றழுத்தியிலும், சாயச்சாலைப் பம்பிலும் இன்று அவை நிறைந்துள்ளன. மின்சாரத்தை மிச்சப்படுத்துவதால் அவற்றைக் குறைகூற நாம் முன்வரோம். ஆனால் அவை 50 ஹெர்ட்ஸ் அலையைச் சீராக உட்கொள்வதில்லை. துண்டு துண்டாக உறிஞ்சி, 250, 350 ஹெர்ட்ஸ் முதலிய மேலலைகளைக் கம்பியிற் கலக்கின்றன. இப்போது நமது சோதனைச்சாலை ஏட்டைத் திறப்போம். அங்கே தொடர் இணைப்பு. இங்கே பக்க இணைப்பு. சுருளின் இடத்தில் ஆலையின் மின்மாற்றி நிற்கின்றது. 500 கே.வி.ஏ. மின்மாற்றி, அதன் மின் எதிர்ப்பு 5 சதவீதம் எனில், குறுக்குச்சுற்றுத் திறன் 10,000 கே.வி.ஏ. அதனை 200 கே.வி.ஏ.ஆர். மின்தேக்கியால் வகுக்க 50, வர்க்கமூலம் 7.07. 50 ஹெர்ட்ஸைப்போல் ஏழு மடங்கு, அதாவது 350 ஹெர்ட்ஸுக்கு மிக அருகில் ஒத்ததிர்வு! டிரைவ் தரும் சிறு மேலலை அவ்விடத்திற் பன்மடங்கு பெருகி மின்தேக்கியினுட் பாய்கின்றது. பெரிதாக வாங்கினால் நல்லதென்று 400 கே.வி.ஏ.ஆர். வைத்தால் வர்க்கமூலம் 5. 250 ஹெர்ட்ஸில் அதே ஆபத்து.

பரிகாரமும் அதே பாடத்திலேயே உள்ளது. மின்தேக்கியுடன் 7 சதவீதச் சுருளொன்றைத் தொடராக இணைத்தால் அக்கிளையின் ஒத்ததிர்வு 189 ஹெர்ட்ஸில் அமையும். அதற்கு மேற்பட்ட 250, 350 ஹெர்ட்ஸுகளில் அக்கிளை சுருளாகவே நடந்துகொள்ளுமாதலால், மின்மாற்றியுடன் அவ்விடங்களிற் கூடி ஆடாது.

வயர்மேன்களைக் குறைகூறுவது நமது கருத்தன்று. கையறிவில் அவர்கள் நம்மினும் மேலானவர்கள். குறை நம்முடையது. இருபது கல் தொலைவில் ஆலை இருக்க, ஒத்ததிர்வை வானொலி இசைப்புக்கு மட்டும் உரியதாகப் படித்து முடிக்கிறோம். பாடத்திட்டம் நம் கையில் இல்லை என்பர் ஆசிரியர். அது மெய்யே; ஆயினும் செய்முறைப் பிற்பகல்களில் ஒன்றேனும் நம் கையில் உள்ளது. சர்வோ மோட்டார் வந்தபின் கழித்துப்போட்ட கிளச்சு மோட்டார்கள் பழைய இரும்புக் கடையிற் கிடைக்கும். ஒன்றை வாங்கி, அதன் மின்னழுத்தம், மின்னோட்டம், வாட் ஆகியவற்றை அளந்து, தகுந்த மின்தேக்கியைப் பக்கத்தில் இணைத்து, அம்பியர் மானியின் முள் இறங்குவதைக் காணட்டும்.

அடுத்து, உடையவர் இசையும் ஆலைகளுக்கு இருவர் இருவராகச் சென்று, மின்மாற்றியின் பெயர்த்தகட்டையும் மின்தேக்கியின் பெயர்த்தகட்டையும் படியெடுத்து வரட்டும். வேண்டுவன மூன்றே எண்கள். எதனையும் தொடவேண்டா, இணைப்பை அறுத்த பின்னும் மின்தேக்கி சிறிது நேரம் மின்னேற்றத்தை வைத்திருக்கும். வர்க்கமூலம் 5-க்கோ 7-க்கோ அருகில் வருமாயின் ஆலைக்காரரிடம் எழுதிக் கொடுக்கட்டும். அக்கணக்குகளை அடுத்த ஆண்டு மலரில் வெளியிட நான்கு பக்கங்கள் ஒதுக்குமாறு பத்திராதிபரை இப்போதே கேட்டுக்கொள்கிறோம்.