பின்விளக்கா, பின் அச்சா?

உக்கடம் டீக்கடையில் நமக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு. ஃபோர்டு மஸ்டாங்கின் பின்பக்கம் அழகா, டாட்ஜ் சேலஞ்சரின் பின்பக்கம் அழகா? இரண்டையும் நேரில் பார்த்தவன் எங்களில் ஒருத்தனும் கிடையாது, அது வேறு விஷயம்!

மஸ்டாங்கின் அந்த மும்மூன்று சிவப்புப் பட்டை விளக்கு எனக்கும் பிடிக்கும். ஆனால் 2015 மாடலில் நடந்த பெரிய காரியம் விளக்குக்கு அடியில் இருக்கிறது. அதுவரை சாதாரண மஸ்டாங்கில் பின்சக்கரம் இரண்டையும் ஒரே அச்சுத்தான் பிணைத்திருந்தது. ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மற்றதும் சாயும். வளைவில் குழி வந்தால் பின்பக்கம் துள்ளும். 2015இல்தான் சக்கரத்துக்குச் சக்கரம் தனி சஸ்பென்ஷன் கொடுத்தார்கள். நேர் ரோட்டுக்கு மட்டும்தான் லாயக்கு என்ற கேலிக்கு அது நல்ல பதில்.

நம் நாட்டு மசில் கார் என்று சொல்லப்படும் கான்டெஸா கடைசிவரை ஒரே அச்சில்தான் ஓடியது. நண்பன் ஒருவன் வீட்டில் ஒன்று இருக்கிறது. ஷாக் அப்சார்பர் மாற்ற அவன் அப்பா கொடுத்த பணத்தில் பயல் ஸ்பாய்லரும் எல்.இ.டி. விளக்கும் மாட்டினான். போன மழையில், கரிவரதன் பெயரில் பந்தயத் தடம் இருக்கிற அதே செட்டிபாளையம் ரோட்டில், வளைவில் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய் வேலிக்கல்லில் நின்றது. கையில் மாவுக்கட்டு. ஷாக் போன வண்டியில் டயர் ரோட்டை விட்டுவிட்டுத்தானே தொடும்? நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்பாய்லர் எதை அழுத்தும்?

பழைய சாமான் கடை அண்ணன் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, ஷாக் ரெண்டும் ஒழுகுது. லைட்டு எதுக்கு?" என்றார். பயல் வாயைத் திறக்கவில்லை.

ஸ்பாய்லரை இப்போது விற்கப் பார்க்கிறான். வேண்டுவோர் மூன்றாமாண்டு மெக்கானிக்கல் பிரிவில் விசாரிக்கவும்.