வைக்கோலுக்கு வேண்டிய இரண்டு நாள் வெயில்

இணுவிலின் செம்மண் தோட்டங்களில் நெல் விளைவதில்லை. புகையிலையும் வெங்காயமும் மரக்கறியும் விளைகிற அந்த மண்ணுக்கு மாட்டெரு வேண்டும். எருவுக்கு மாடு வேண்டும். மாட்டுக்கு ஆண்டு முழுவதும் வைக்கோல் வேண்டும். அந்த வைக்கோல் மேற்கே சண்டிலிப்பாய்ப் பக்கத்து வயல்களிலிருந்தோ, தென்மராட்சியிலிருந்தோ, ஆனையிறவு தாண்டி வன்னியிலிருந்தோதான் வந்து சேரவேண்டும். தையிலும் மாசியிலும் காலபோக அறுவடை முடிந்த கையோடு அதே வயல்களில் வைக்கோல் மழையில் நனைந்து கறுத்துக் கிடக்கிறது. பல இடங்களில் நெருப்பும் வைக்கப்படுகிறது. சில மாதம் கழித்து, கொட்டில் மாட்டுக்கு ஓலை கிழித்துப் போடுகிற நிலை வந்தவுடன், வைக்கோல் தட்டுப்பாடு என்கிறோம். தட்டுப்பாடு வைக்கோலுக்கு இல்லை. ஒரு கிலோ நெல்லோடு ஏறத்தாழ ஒரு கிலோ வைக்கோலும் விளைகிறது. அதைக் காயவைத்து எடுக்கும் ஒரு வேலைதான் நம் வயலிலிருந்து காணாமற்போய்விட்டது.

கையால் அரிவு வெட்டிய காலத்தில் அந்த வேலைக்குத் தனியாக ஆள் தேவைப்படவில்லை. வெட்டிய தாள் உப்பட்டியாக வயலிலேயே கிடந்து வெயில் குடித்தது. பிறகு கட்டிச் சுமந்து சூடு வைத்தார்கள். சூட்டிலும் காற்றுப் பட்டுக் காய்ந்தது. களத்தில் மாடோ உழவு இயந்திரமோ மிதிக்கும்போது, வன்னியில் 'வேலைக்காரன்' என்று பெயர் பெற்ற கொழுக்கித் தடியால் கிளறி உதறிப் போட்டார்கள். போராக எழும்பும்போது வைக்கோல் சலசலவென்று இருந்தது. இன்று அறுவடை இயந்திரம் பச்சை மாறாத தாளை நின்றபடியே வெட்டி, நெல்லைப் பிரித்து, பின்பக்கத்தால் தாளை நிரையாகத் தள்ளிவிட்டுப் போகிறது. நெல் முற்றிவிட்டது என்பதற்காகத் தாள் காய்ந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. நல்ல பயிரில் அப்போது தாளின் எடையில் பாதிக்கு மேல் நீராகவே இருக்கும். கட்டி அடுக்குவதற்கு ஈரம் 20 வீதத்துக்குக் கீழே இறங்கவேண்டும். அதற்கு முன்னே கட்டினால் கட்டின் நடுவில் சூடேறும், பூஞ்சணம் பிடிக்கும், மாடு முகர்ந்துவிட்டு ஒதுங்கும். தைப் பனி வேறு விடியும்வரை நனைத்துக்கொண்டே இருக்கிறது. மேலே காய்ந்து அடியில் ஈரம் தேங்கிய அந்த நிரையைப் புரட்டிப்போட இன்று யாரும் இல்லை.

அந்தப் புரட்டும் வேலைக்கென்றே உள்ள கருவிதான் சில்லுகளால் இயங்கும் வைக்கோல் வாரி. உலகில் இதைப் பரப்பியவர்கள் நெதர்லாந்தின் வான் டெர் லேலி சகோதரர்கள். 1948இல் அவர்கள் தொடங்கிய நிறுவனத்தின் முதல் கருவியே இதுதான். மனிதர் உயரத்துக்குச் சற்றுக் குறைந்த சில்லுகள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் வளைந்து நிற்கும் வில்லுருக்குக் கம்பிப் பற்கள். இந்தச் சில்லுகளைச் சுழற்ற மோட்டரும் இல்லை, பல்சக்கரப் பெட்டியும் இல்லை. உழவு இயந்திரம் இழுக்கும் திசைக்குச் சாய்வாகச் சில்லுகளைப் பொருத்தியிருப்பதால், பற்கள் தாளையும் தரையையும் தொட்ட மாத்திரத்தில் தாமாகவே உருள்கின்றன. முதற்சில்லு ஒதுக்கிய வைக்கோலை அடுத்தது வாங்கி, அதற்கடுத்ததிடம் கொடுத்து, கடைசிச் சில்லு பக்கத்தில் ஒரே நிரையாக விட்டுச் செல்கிறது. ஒவ்வொரு சில்லும் தனிக் கையில் தொங்குவதால் மேடு வந்தால் மேலேறும், பள்ளம் வந்தால் இறங்கும். அறுவடை இயந்திரத்தின் கனத்த சங்கிலித் தடம் பதிந்த வயலில் இந்தக் குணம் பெரிய காரியம்.

அறுவடை இயந்திரமே வைக்கோலை நிரையாகத்தானே விடுகிறது, பிறகு வாரி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தடித்த நிரை மேலே மட்டும் காய்கிறது. அடியிலுள்ளதை மேலே கொண்டுவர ஒருமுறையாவது புரட்டவேண்டும். இரண்டு மூன்று நிரைகளை ஒன்றாக்கினால், வைக்கோலைக் கட்டும் இயந்திரம் வயலில் ஓடும் தூரமும் எரிபொருளும் குறையும். இடையே ஒரு மழை விழுந்துவிட்டால் வாரி இல்லாத வயலில் அந்த வைக்கோல் போனதுதான். கட்டும் இயந்திரத்துக்கு மட்டும் மானியம் கேட்கிற நம் வழக்கம் பாதி வேலையோடு நின்றுவிடுகிறது. காயாத வைக்கோலை எவ்வளவு நேர்த்தியாகக் கட்டினாலும் அது பூஞ்சணக் கட்டுத்தான்.

இனி, எதை வாங்குவது? நெல் வயலில் 24 பரப்பு சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். வரம்புக்கு வரம்பு துண்டான நிலம். பத்துப் பன்னிரண்டு சில்லுகளை இரு சிறகாக விரிக்கும் பெரிய வாரிகள் வெளிநாட்டுப் புல்வெளிகளுக்கு உரியவை. உழவு இயந்திரத்தின் பின்பக்க மும்முனை இணைப்பில் தூக்கி மாட்டக்கூடிய நான்கு அல்லது ஐந்து சில்லு வாரி நமக்குப் போதும். வரம்பு வரும்போது தூக்கிக்கொண்டு கடக்கலாம், ஒழுங்கைக்குள்ளும் கொண்டுபோகலாம். உழவு இயந்திரத்தின் விசைத்தண்டால் சுழலும் வாரிகளும் உண்டு. அவை வைக்கோலைத் தூக்கி வைக்கும் விதத்தில் மண் குறைவாகவே சேரும் என்பது உண்மை. ஆனால் விலை கூட. பல்சக்கரப் பெட்டி உடைந்தால் உதிரிப்பாகத்துக்கு மாதக் கணக்கில் காத்திருக்கவேண்டும். 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, இறக்குமதி உதிரியை நம்பிய இயந்திரம் எத்தனை நாள் சும்மா நிற்கும் என்பதை எல்லோரும் பார்த்தோம். சில்லு வாரியின் சட்டத்தை, உழவு இயந்திரப் பெட்டி கட்டுகிற நம்மூர் இரும்புப் பட்டறையிலேயே ஒட்டித் தரலாம். வெளியிலிருந்து வரவேண்டியவை பற்களும் தாங்கு உருளைகளும் மட்டும்தான்.

சில்லு வாரியின் குறையையும் மறைக்கக்கூடாது. தரையைத் தொட்டே சுழல்வதால் அது மண்ணையும் கல்லையும் சேர்த்து உருட்டும். சுண்ணக்கல் துருத்தி நிற்கும் குடாநாட்டில் இது சிறிய குறையல்ல. மண் கலந்த வைக்கோல் மாட்டின் பல்லைத் தேய்க்கும். கல்லோ கட்டும் இயந்திரத்தைக் கெடுக்கும். ஆனால் இந்தக் குறையில் பெரும்பங்கு ஓட்டுபவரின் கையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு சில்லையும் தாங்கும் வில்லை இறுக்கி, பற்களின் நுனி அரிதாளின் மேலே தடவிப் போகும்படி வைத்தால் போதும். மண்ணைக் கீறிப் போகவேண்டியதில்லை. ஐந்தடி ஓட்டிவிட்டு இறங்கிப் பார்த்தால் தெரியும்: தரையில் கோடு விழுந்திருந்தால் பாரம் கூடிவிட்டது. வேகம் கூடினாலும் வைக்கோல் நிரையில் நில்லாமல் சிதறும்.

இன்னும் கனமான மறுப்பொன்று உண்டு. வைக்கோல் வயலின் சொத்து, அதை எடுத்தால் மண் வளம் குன்றும் என்கிறார்கள். சரிதான், ஒரு தொன் வைக்கோலில் 12 முதல் 17 கிலோ வரை பொட்டாசியமும் 5 முதல் 8 கிலோ வரை நைதரசனும் இருக்கின்றன. 2021இல் இரசாயன உரம் தடைப்பட்ட பிறகு இந்தக் கணக்கை அலட்சியப்படுத்த யாருக்கும் உரிமையில்லை. ஆனால் இதே வாதத்தைச் சொல்லிக்கொண்டு நெருப்பு வைக்க முடியாது. எரித்தால் நைதரசன் ஏறக்குறைய முழுவதும் புகையாகப் போகிறது. அரிதாளும் வேரும் எப்படியும் வயலில் நிற்கின்றன. மேலே கிடப்பதை எடுப்பவர், எடுத்ததற்கு ஈடு கொடுக்கவேண்டும். வைக்கோல் ஏற்றப் போகும் உழவு இயந்திரப் பெட்டி இணுவிலிலிருந்து வெறுமையாகப் போகாமல் எருவோடு போகலாம். தோட்டக்காரர் வயற்காரரிடம் வைக்கோலை மட்டும் வாங்கி எருவை முழுவதும் தன் தோட்டத்துக்கே வைத்துக்கொள்வது நியாயமான வியாபாரம் ஆகாது.

எரிப்பதற்குப் பஞ்சாப் விவசாயிக்கு ஒரு காரணமாவது இருக்கிறது: நெல் வெட்டிய சில வாரங்களுக்குள் கோதுமை விதைக்கவேண்டும். இந்திய அரசு 2018இல் தொடங்கிய பயிர்க்கழிவு இயந்திரத் திட்டத்தில் பின்னர் வாரிக்கும் கட்டும் இயந்திரத்துக்கும் இடம் கிடைத்தது. தனியாருக்கு 50 வீதமும் கூட்டாக வாங்குவோருக்கு 80 வீதமும் மானியம் தந்தார்கள். அப்படியும் எரிப்பு நிற்கவில்லை. காலம் அவ்வளவு நெருக்குகிறது. நம் மானாவாரி வயல்களில் அந்த நெருக்கடி இல்லை. சிலர் பயறும் உழுந்தும் எள்ளும் போடுகிறார்கள். மீதி நிலம் அடுத்த விதைப்புவரை மாதக் கணக்கில் சும்மா கிடக்கிறது. பொறுத்து உலர்த்தி எடுக்க நேரம் இருக்கிறது. எரிப்பதற்கு அவசரம் என்ற சாக்கும் இல்லை.

ஒரு வாரி ஆண்டில் சில வாரங்களே ஓடும். ஆகவே தனி ஒருவர் வாங்குவது வீண். வைக்கோல் தேவைப்படும் பக்கத்துப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கமும், வைக்கோல் விளையும் பக்கத்துக் கமக்காரர் அமைப்பும் சேர்ந்து வாங்கி, கமநல சேவை நிலையத்தின் வழியாக முறை வைத்து வாடகைக்கு விடவேண்டும். எந்த வயலில் எந்த நாளில் அறுவடை இயந்திரம் இறங்கும் என்று அங்கேதான் தெரியும். பனி விலகி மேலே உலர்ந்த பிறகு புரட்டுவது, மறுநாள் நண்பகலில் ஒரு பிடி வைக்கோலை முறுக்கிப் பார்த்துக் கையில் ஈரம் தட்டாதபோது கட்டுவது என்று இரண்டு நாள் வேலை. வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கவேண்டும்: மாலையில் வயலை விட்டு ஏறுமுன் ஒவ்வொரு சில்லிலும் பற்களை எண்ணவேண்டும். ஒடிந்த கம்பி வைக்கோலோடு மாட்டின் வயிற்றுக்குப் போனால் அது அங்கிருந்து நெஞ்சைக் குத்தக்கூடும். எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும், அந்த நிரையைக் கையால் கிளறித் தேடி எடுத்த பிறகே கட்டவேண்டும்.