விற்பதற்கு முன் வீட்டைச் சீர்ப்படுத்துவோம்

"ஊரில் கிடக்கிற வீடு வளவை விற்றுவிடுவோம்" என்ற பேச்சு இடம்பெயர்ந்த எமது விவசாயக் குடும்பங்கள் பலவற்றில் எழுகின்றது. பிள்ளைகளின் படிப்பு, மகளின் திருமணம், கடன், வெளிநாட்டில் உள்ள சகோதரங்களின் வற்புறுத்தல் எனக் காரணங்கள் பல. விற்பது குற்றமல்ல. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறி, முகாம்களில் பிள்ளைகளை வளர்த்தெடுத்தவர்களுக்குக் காணிப்பற்றைப் பற்றி எவரும் போதிக்கத் தேவையில்லை. ஆனால் பற்றை மூடிய வளவையும் கூரையற்ற சுவரையும் காட்டி, தரகர் சொல்லும் விலைக்குத் தலையாட்டுவது ஒருமுறை இழந்ததை மறுமுறையும் இழப்பதாகும். ஆகவே, விற்க எண்ணுவோர் முதலில் வீட்டைச் சீர்ப்படுத்த வேண்டும் என்பதே எமது கருத்து.

சீர்ப்படுத்தல் என்பது வெள்ளையடிப்பதோடு முடிவதல்ல. முதலில் உறுதியைத் தேட வேண்டும். ஓட்டத்தில் உறுதி தொலைந்திருந்தால் உரிமையும் தொலைந்ததென எண்ண வேண்டாம். நொத்தாரிசு முடிக்கும் ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியும் காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுகின்றது. அங்கே விண்ணப்பித்து அத்தாட்சிப் பிரதி பெறலாம். காணி ஈட்டில் இருக்கின்றதா என்பதையும் அறியலாம். குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணியென்றால் நிலைமை வேறு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டப்படி, பிரதேச செயலகத்தின் எழுத்து மூல அனுமதியின்றி அதனைக் கைமாற்றுவது செல்லாது. வெறுந்தாளில் கையொப்பமிட்டு முற்பணம் வாங்குவது ஆபத்து.

அடுத்து உரித்துக்காரர். வீடு தாயின் சீதனமென்றால் அவருடைய சொல்லே முதற்சொல்லாக வேண்டும். முதுசொக் காணியில் சகோதரங்களுக்குப் பங்கு இருக்கலாம். தேசவழமைக்கு உட்பட்டோரின் காணியில், பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் முந்தி வாங்கும் உரிமையை 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் வழங்குகின்றது. அவர்களுக்கு முறைப்படி அறிவிக்காது விற்றால் பின்னர் வழக்கு வரலாம். வெளிநாட்டில் உள்ளவரின் பங்குக்குத் தொலைபேசிச் சம்மதம் போதாது. அற்றோணித் தத்துவம் வேண்டும்.

எமது வளவில் வேறொருவர் குடியிருந்தால் காலந்தாழ்த்தக் கூடாது. பத்து ஆண்டுகள் தடையின்றி, உரிமையாளருக்கு எதிராக ஆண்டு வந்தவர் ஆட்சியுரிமை கோரலாம். போர் காரணமாக வழக்காட முடியாதிருந்தோருக்கு, 1983 முதல் 2009 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காது விட 2016இல் ஒரு சிறப்புச் சட்டம் வந்தது. அதுவும் இரண்டு ஆண்டுகளுக்கென்றே இயற்றப்பட்டது. ஆகவே, பிந்தாமல் சட்டத்தரணி ஒருவரை நாட வேண்டும்.

இவற்றின் பின்னரே கத்தியும் மண்வெட்டியும். போர் நடந்த இடமென்றால், கண்ணிவெடி அகற்றப்பட்டதா எனக் கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்தாமல் பற்றையில் கைவைக்கக் கூடாது. கிணற்றில் சந்தேகமான பொருள் தென்பட்டால் இறைக்க முயலாது அறிவிக்க வேண்டும். ஆபத்தில்லையென அறிந்தபின் வளவைத் துப்புரவாக்கி, கிணற்றை இறைத்து, அயலவரையும் வைத்துக்கொண்டு எல்லையைக் காண வேண்டும். வேலிக் கதியால் அழிந்த இடத்தில் நில அளவையாளரைக் கொண்டு அளப்பிப்பது நல்லது. தோட்டத்தை வைத்துக்கொண்டு வீட்டை மட்டும் விற்போர், கிணற்றுப் பங்கையும் வழி வாய்க்காலையும் உறுதியில் தமக்கென எழுதுவிக்க மறக்கக் கூடாது. தண்ணீர் இல்லாத தோட்டம் அடுத்த ஆண்டே விலைக்கு வந்துவிடும்.

இதற்கெல்லாம் பணமும் அலைச்சலும் தேவைதான். தனித்தனியே அலையாமல், ஒரே ஊரவர் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து சட்டத்தரணியையும் அளவையாளரையும் அமர்த்தினால் சுமை குறையும்.

அனைத்தும் முடிந்தபின் குடும்பமாக மீண்டும் ஒருமுறை இருந்து பேசுங்கள். உறுதி கையிலும், நல்ல தண்ணீர் கிணற்றிலும் இருக்கும்போது விலையும் மாறும். சிலவேளை மனமும் மாறும். பாதியை விற்றுப் பாதியை வைத்திருக்கலாம், குத்தகைக்கும் விடலாம். விற்கவே தீர்மானித்தாலும், தரகரின் அவசரத்துக்காக அன்றி, உங்கள் தேவைக்காக, உரிய விலைக்கு விற்பீர்கள்.