ஷில்லாங் யாருடைய மலை?

தாகூரின் 'சேஷேர் கபிதா' பற்றிய மாணவர் கட்டுரைகளில் ஒரு வாய்பாடு தவறாமல் வந்துவிடுகிறது: ஷில்லாங் என்றால் கட்டற்ற காதல், கல்கத்தா என்றால் சமூகமும் திருமணமும். முதுகலை நாட்களில் நானும் இதையே எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். திணை மரபில் ஊறிய நமக்கு மலை என்றதும் குறிஞ்சியும் புணர்தலும் நினைவுக்கு வந்துவிடுவதால் இந்த வாய்பாடு இன்னும் எளிதாக ஒட்டிக்கொள்கிறது.

1928இல் 'பிரபாசி'யில் தொடராக வந்து, 1929இல் நூலான இந்நாவலில் இரு நிலங்களின் முரண் இல்லையென்று நான் சொல்லவில்லை. அந்த முரண் யாருடைய பார்வையில் உருவாகிறது என்பதே என் கேள்வி. ஆக்ஸ்ஃபோர்டில் படித்த அமித் ராய்க்கு ஷில்லாங் ஓய்விடம். தேவதாரு நிழலில் அமர்ந்து சுனீதி குமார் சட்டர்ஜியின் மொழியியல் நூலை, ஆசிரியரோடு முரண்படலாம் என்ற ஆசையோடு படிக்கிறான். (எங்கள் துறையினருக்கு இதைவிட இனிய காதல் நாயகன் வாய்க்க மாட்டான்!) லாபண்யாவுக்கோ அதே ஷில்லாங் பணியிடம். யோகமாயாவின் வீட்டில் அவர் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவள் அவள். ஒரே மலை, ஒருவனுக்கு விடுமுறை, மற்றவளுக்கு வேலைநாள். கார் விபத்தில் தொடங்கும் அந்த உறவின் விரிசல், கல்கத்தாக் கூட்டம் வந்து சேருமுன்பே இங்கு இருக்கிறது. அன்றாட இல்லறம் அமித்துக்கு ஒத்துவராது என்பதை முதலில் உணர்ந்தவளும் அவளே.

கேதகியின் வருகையைப் 'போலி நகரம் தூய மலையைக் கெடுத்தது' என்று படிப்பது அவளுக்கு இழைக்கும் அநீதி. அவள் விரலில் இருப்பது பல ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் அமித் அணிவித்த மோதிரம். அதைக் கழற்றும்போது ஒப்பனை முகத்தில் வழிவது உண்மையான கண்ணீர். லாபண்யாவுக்கும் அவன் மோதிரம் அணிவித்தது ஊர்விட்டு வந்த இடத்தில்தான். ஆக, அமித்தின் காதல் இரண்டுமே அயல்நிலத்தில் முளைத்தவை. ஒன்றை அவன் மறந்தான், மற்றொன்றைக் கவிதையாக்கினான்.

கேதகியின் அன்பு குடத்து நீர், லாபண்யாவின் அன்பு நீந்தும் குளம் என்ற புகழ்பெற்ற ஒப்புமையையும் இங்கே வைத்துத்தான் பார்க்க வேண்டும். அது அமித்தின் கூற்று. சொல்வன்மையால் தன் வசதியை அழகாக்கத் தெரிந்த ஒருவனின் கூற்று. அதையே நாவலின் தீர்ப்பாக மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் லாபண்யா நெடுநாள் காத்திருந்த சோபன்லாலை ஏற்கிறாள். அவர்கள் திருமணம் நிச்சயிக்கப்படுவதும் ஒரு மலையில்தான், ராம்கட்டில். மலை காதலுக்கு, நகரம் கல்யாணத்துக்கு என்று பிரிப்பவர்கள் அந்தக் கடைசிக் கடிதத்தை இன்னொரு முறை படித்துப் பார்க்கட்டும்.