திங்கட்கிழமை அவன் எங்கே போவான்?

1999-இல் வெளியான 'ஜீசஸ் சன்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தின் பெயரைக் கண்டு அதைப் பக்திப் படமென்று எண்ணிவிடாதிருங்கள். அப்பெயர் 'ஹெராயின்' என்னும் ராக் பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கத்தக்கதுமன்று. போதையிலிருந்து தாமே மீண்ட டெனிஸ் ஜான்சன் 1992-இல் வெளியிட்ட சிறுகதைகளே இதற்கு மூலம்.

போதைக்கு அடிமைப்பட்ட அவ்வாலிபனுக்கு மேடையில் விடுதலை கிடைக்கவில்லை. முதியோரும் உடல் நலிந்தோரும் வாழும் இல்லமொன்றில் சிறிய வேலை கிடைக்கிறது. அவர்களைக் கையால் தொட்டுப் பேசுவதும் அவ்வேலையில் அடக்கம். பிறர் தொடத் தயங்கும் சரீரங்கள் அவை! ஆண்டவர் குஷ்டரோகியைத் தொட்டதை அறிந்த நமக்கு இது விளங்காத காரியமா? மென்னோனைட் விசுவாசிகளின் வீட்டு ஜன்னலருகே அவன் ஒளிந்து நின்று பார்க்கிறான் (அதுவும் பாவமே). உள்ளே கணவன் தன் மனைவியின் பாதங்களைக் கழுவுகிறான்.

நாமோ, மறுவாழ்வு இல்லத்திலிருந்து திரும்பியவனிடம் முதல் ஞாயிறே மைக்கைக் கொடுத்துச் சாட்சி கேட்கிறோம். திங்கட்கிழமை அவனுக்காக அதே தெருவும் அதே நண்பர்களும் காத்திருப்பதை நினைப்பதில்லை. உங்கள் சபையில் படுக்கையாய்க் கிடக்கும் முதியவர் ஒருவர் இருப்பாரே. அவருக்குக் கஞ்சி ஊட்ட அவனை அழைத்துச் செல்லுங்கள்.